ஒன்பது குழிகள்

1851 ஏப்ரல் 17 காலை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கோஹாசெட் ஊர்க் கரையில் நின்று கடலைப் பார்த்தவர்கள், முந்தின நாள் வரை அங்கே இருந்த ஒன்றைக் காணாமல் திகைத்தார்கள். கரையிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குச் சற்று அப்பால், மைனட் பாறைத் திட்டின் மேல் ஏறத்தாழ 70 அடி உயரத்துக்கு நின்ற இரும்புக் கலங்கரை விளக்கம் இரவோடு இரவாகப் போய்விட்டிருந்தது. கடல் தணிந்து பாறை வெளியே தெரிந்தபோது, வளைந்து முறிந்த இரும்புக் கட்டைகளே அங்கு எஞ்சியிருந்தன. விளக்கோடு அதன் உதவிக் காவலர்களான ஜோசப் வில்சனும் ஜோசப் அன்ட்வானும் மாண்டார்கள். விளக்கு எரிந்தது பதினைந்தரை மாதம். அதே பாறையில் 1860-ல் எழுந்த கருங்கல் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆகவே இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் சொல்கிறார்கள்: மெலிந்த இரும்பு கடலிடம் தோற்றது, கனத்த கல் வென்றது; சிக்கனம் பார்த்த பொறியாளரின் தவறு இரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேட்க நேர்த்தியாக இருக்கும் இந்தக் கதைக்குச் சான்றுகள் ஒத்துவரவில்லை. அந்த விளக்கம் விழுந்ததற்கு இரும்பைவிடப் பெரிய காரணம், அதைக் கட்டியவரும் நடத்தியவரும் அதற்குள் வாழ்ந்தவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டாத மூன்று உலகங்களில் இருந்ததே என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பாறை. பாஸ்டன் துறைமுகத்துக்குத் தெற்கேயிருந்து வரும் கப்பல்கள் இதைச் சுற்றித்தான் போக வேண்டும். நீர் ஏறியிருக்கும்போது திட்டு முழுவதும் மூழ்கிக் கிடக்கும்; நன்றாக வற்றும்போது 25 அடி அகலமுள்ள ஒரு துண்டு தலைகாட்டும். 1832-க்கும் 1841-க்கும் இடையே இந்தச் சுற்றுவட்டப் பாறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கலங்கள் சேதமுற்றதாகப் பொறியாளர் ஐ. டபிள்யூ. பி. லூயிஸ் 1843-ல் அமெரிக்கப் பேரவைக்கு அளித்த அறிக்கையில் கணக்குக் காட்டினார். விளக்கு ஏற்றப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, 1849 அக்டோபரில், அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிவந்த ஏழைகளை ஏற்றிய ‘செயின்ட் ஜான்’ என்ற கப்பல் கோஹாசெட் பாறைகளில் உடைந்து, ஏராளமானோர் கரையைக் கண்ணால் கண்டபடியே இறந்தார்கள். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அந்தக் கரைக்குப் போய்ப் பிணங்கள் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். நம் பழைய உரைகாரர்கள் ‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லுக்குக் கலத்தை அழைக்கும் விளக்கு என்று பொருள் சொல்வார்கள்; கரைதல் என்றால் அழைத்தல். மைனட் பாறைக்கு வேண்டியிருந்ததோ, அருகே வராதே என்று கலத்தை விலக்கும் விளக்கு. அப்படிப்பட்ட விளக்கைக் கரையில் வைத்தால் பயனில்லை, ஆபத்து இருக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ராணுவத்தின் நில அளவைப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த கேப்டன் வில்லியம் ஸ்விஃப்ட்டிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 25 அடிப் பாறையில் கல்கோபுரம் எழுப்ப முடியுமா என்பது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. முடிந்தாலும் செலவு பல மடங்கு ஆகும். கடலோடு மோதாமல், கடலைத் தன்னூடே போகவிடும் ஒன்றைக் கட்டலாம் என்று அவர் எண்ணினார். இது அந்தக் காலத்தின் முன்னணிச் சிந்தனை. பார்வையிழந்த ஐரிஷ் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் திருகுபோன்ற அடிகொண்ட இரும்புத் தூண்களை மணலில் இறக்கி விளக்கம் நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்; தேம்ஸ் கழிமுகத்து மேப்ளின் மணல்திட்டில் அப்படி நிறுத்திய விளக்கம் 1841 முதல் எரிந்துகொண்டிருந்தது. மணலுக்குத் திருகு, பாறைக்குத் துளை. எட்டுத் தூண்களை எண்கோணமாகச் சுற்றிலும், ஒன்பதாவதை நடுவிலும் நிறுத்துவது ஸ்விஃப்ட்டின் திட்டம். ஒவ்வொன்றுக்கும் பாறையில் 12 அங்குல அகலத்தில், 5 அடி ஆழத்தில் ஒரு குழி. பாறை வெளியே தெரியும் சில மணி நேரம் மட்டும், கடல் அனுமதித்த நாட்களில் மட்டும், துளைப்பொறியைத் தாங்கிய சாரத்தின் மேல் நின்று ஆட்கள் இந்தக் குழிகளைக் குடைந்தார்கள். புயல்கள் இரண்டு முறை பொறியையும் கருவிகளையும் அடித்துக்கொண்டு போயின. ஆட்கள் கடலில் விழுந்து எழுந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. 1847-ல் தொடங்கிய வேலை 1849-ல் முடிந்து, 1850 ஜனவரி 1 இரவு விளக்கு ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 39,000 டாலர் செலவாயிற்று. அந்தக் குழிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த வரலாற்றில் அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

திட்டத்தில் ஒரு முடிவு தனியே பேசத்தக்கது. தூண்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் பல அடுக்குகளாக வரைபடத்தில் இருந்தன. பாறைக்கு மிக அருகில் வர வேண்டிய கீழடுக்கு, வலுவைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிடும் என்று கருதி விடப்பட்டது. அலை வந்து மோதுவதற்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது என்ற கொள்கையிலிருந்து பார்த்தால் இது முரணற்ற முடிவு. ஆனால் மேலே வீட்டின் பாரம், கீழே பிணைப்பில்லாத நீண்ட கால்கள் என்றால் அந்தக் கட்டடம் எவ்வளவு ஆடும் என்பதைத் தாளில் கணக்கிட அன்றைய பொறியியலுக்கு முழு வழி தெரியாது. அதை அறிய வேறொரு வழி இருந்தது: மேலே படுத்து உறங்குகிறவரைக் கேட்பது.

அங்கே படுத்து உறங்கியவர் முதல் காவலர் ஐசக் டன்ஹம். விளக்கு ஏற்றிய முதல் குளிர்காலத்திலேயே அவர் அஞ்சத் தொடங்கினார். புயல் நாட்களில் கட்டடம் ஆடிய ஆட்டத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதினார்; அதை வலுப்படுத்தும்படி வேண்டினார். எதுவும் நடக்கவில்லை. 1850 அக்டோபரில் அவர் வேலையை விட்டு விலகினார். அடுத்து வந்தவர் ஜான் பென்னட் என்ற மாலுமி. கடலில் கழித்த வாழ்க்கை தந்த துணிச்சலில், டன்ஹமின் பயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. பொறுப்பேற்ற சில வாரங்களில் வந்த ஒரு புயல் அவர் மனத்தை மாற்றியது. பரிசோதிக்க ஆள் அனுப்பும்படி அவரும் எழுதினார். குழு ஒன்று வந்தது. அவர்கள் வந்த அன்று கடல் அமைதியாக இருந்தது. விளக்கம் உறுதியாக நிற்கிறது என்று முடிவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்விஃப்ட்டும் அந்தக் குளிர்காலத்தில் தம் படைப்பை ஆதரித்து எழுதினார். அதற்கு முந்தைய குளிர்காலங்களைத் தாண்டி நிற்பதால் இன்னும் சிலவற்றையும் தாண்டும் என நம்ப இடமிருக்கிறது என்றும், முடிவைக் காலம் சொல்லும் என்றும் அவர் கருதினார். காலம் சில மாதங்களில் சொல்லிவிட்டது.

1851 ஏப்ரல் நடுவில் வடகிழக்கிலிருந்து வந்த புயல் பாஸ்டன் நகரத்தின் வரலாற்றிலேயே பெரியவற்றுள் ஒன்று. கடல் ஏறி நகரத் தெருக்களுக்குள் வந்தது. அந்த நீர்மட்டத்தை மிஞ்ச 1978-ன் பனிப்புயல் வர வேண்டியிருந்தது. அலுவலாகக் கரைக்கு வந்திருந்த பென்னட்டால் திரும்பிப் போக முடியவில்லை. 16-ஆம் தேதி மாலை முழுவதும் கரையில் இருந்தவர்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு பத்து மணியளவில் அதைக் கடைசியாகக் கண்டதாகச் சொன்னார்கள்; நள்ளிரவுக்குப் பின் அதன் மணியோசை மட்டும் காற்றில் கேட்டதாம். உள்ளிருந்த இருவரும் அன்றிரவும் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் கிடந்தார்கள் என்பதை நாம் கடந்துபோகக் கூடாது. அவர்கள் ஒரு சீட்டு எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டிருந்தார்கள். அது பின்னால் மீனவர் ஒருவரிடம் அகப்பட்டது. விளக்கம் இன்றிரவு தாங்காது, பக்கத்துக்கு இரண்டடி ஆடுகிறது என்பது அதன் சாரம். அன்ட்வானின் உடல் கரை ஒதுங்கியது. வில்சன் நீந்தி ஒரு சிறு பாறைத் தீவு வரை வந்து, குளிரிலும் களைப்பிலும் அங்கே இறந்திருந்தார்.

பிறகு விசாரணையும் விளக்கமும். ஸ்விஃப்ட் தம் பக்கத்தைத் திறமையாகவே சொன்னார். திட்டத்தில் இல்லாத இரண்டு பொருள்களைக் காவலர் சேர்த்திருந்தார் என்று அவர் காட்டினார். ஒன்று, பெட்டிகளும் பீப்பாய்களும் வைக்கக் குறுக்குச் சட்டங்களின் மேல் பரப்பிய ஒரு மரத்தளம். அலைகள் எட்டும் உயரத்தில் இருந்த அந்தத் தளம், கடலை ஊடே போகவிட வேண்டிய அமைப்பில் கடலுக்கு முட்டுக் கொடுத்தது. மற்றது ஒரு வடம். ஐந்தரை அங்குலச் சுற்றளவுள்ள அந்தத் தடித்த கயிற்றின் ஒரு முனை, பாறைக்கு மேல் 63 அடி உயரத்தில் விளக்கு மேடையில் கட்டப்பட்டிருந்தது. மறு முனை சற்றுத் தொலைவில் கடலடியில் கிடந்த ஏழு டன் கல்லில். படகில் வரும் பொருளையும் ஆளையும் அதன் வழியே ஏற்றி இறக்கினார்கள். கொந்தளிப்பில் கட்டடம் ஆடும்போதெல்லாம் அந்தக் கயிறு உச்சியைப் பிடித்து இழுத்திருக்கும். ஆக, விழுந்தது தாம் கட்டிய விளக்கமல்ல, பிறர் மாற்றிய விளக்கம் என்பது ஸ்விஃப்ட்டின் வாதம். இயற்பியலில் அதற்கு விடை சொல்வது கடினம். மரத்தளமும் வடமும் சேதத்தைக் கூட்டியிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தச் சான்றை அவர் படித்த திசைக்கு எதிர்த் திசையில்தான் நாம் படிக்க வேண்டும். கடல் நடுவே மாதக்கணக்கில் வாழும் மனிதருக்குப் பண்டம் வைக்கப் போதிய இடம் வேண்டும். படகு அணைய வழியில்லாத பாறையில் ஏறி இறங்க ஏதேனும் ஏற்பாடு வேண்டும். மரத்தளமும் வடமும் காவலரின் விளையாட்டுப் புத்தியில் வந்தவை அல்ல. வரைபடத்தில் விடுபட்டுப் போன அன்றாடத்தை அவர்கள் கையில் கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொண்டதன் தடயங்கள் அவை. வடத்தைக் கட்டுவதற்கு முன் அது ஆபத்து என்று அவர்களுக்குச் சொல்லவோ, வடம் தேவை என்று அவர்கள் பொறியாளருக்குச் சொல்லவோ ஒரு வழி இருந்திருந்தால் இரண்டில் ஒன்று மாறியிருக்கும்.

அந்த வழி ஏன் இல்லை என்பதற்கு அன்றைய நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும். 1820 முதல் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்கள் அனைத்தும் நிதித் துறையின் தணிக்கை அதிகாரி ஸ்டீபன் பிளெசன்டனின் கையில் இருந்தன. அவர் நேர்மையானவர், கணக்கில் கறாரானவர். பொறியியலோ கடலோ தெரிந்தவர் அல்லர். செலவு குறைந்தது என்பதையே சாதனையாகக் காட்டினார். அவருடைய நிர்வாகத்தில் விளக்குகள் தரம் கெட்டதை லூயிஸின் 1843 அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் பின் மைனட் உள்ளிட்ட சில கடினமான விளக்கங்களைக் கட்டும் பொறுப்பை 1847-ல் பேரவை ராணுவப் பொறியாளரிடம் கொடுத்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் பாதி மாற்றம். கட்டி முடித்ததும் பொறியாளர் விலகிக்கொள்வார். காவலரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் முறையீட்டை வாங்குவதும் பழையபடி சுங்க அதிகாரி வழியாகத் தணிக்கைக்காரரிடம் போகும். டன்ஹம் முறையிட வேண்டியிருந்த மேசையில் இரும்பைப் பற்றித் தெரிந்தவர் இல்லை. இரும்பைப் பற்றித் தெரிந்தவரிடம் டன்ஹமின் நாட்குறிப்பு ஓர் அச்சமுள்ள மனிதரின் புலம்பலாகவே போய்ச் சேர்ந்தது.

இரும்பு தோற்றது, கல் வென்றது என்பவர்கள் இங்கே மறுப்புச் சொல்லலாம். நிர்வாகம் எப்படி இருந்தாலும் இரும்புக் கால்கள் அந்தக் கடலுக்கு ஏற்றவை அல்ல. கல் நின்றதே சான்று என்பார்கள். இதற்குப் பதில் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. கேரிஸ்ஃபோர்ட் பவளத் திட்டில், அதே லூயிஸின் வடிவமைப்பில், பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற ஜார்ஜ் மீட் முடித்துக்கொடுத்த இரும்புக்கால் விளக்கம் 1852-ல் ஏற்றப்பட்டது. சூறாவளிகளின் ராஜபாட்டையில் அது இன்றும் நிற்கிறது. சாண்ட் கீ தீவில் 1853-ல் வந்த இரும்பு விளக்கம், தனக்குக் கீழிருந்த மணலையே புயல்கள் வாரிக்கொண்டு போனபோதும் நின்றது. ஃப்ளோரிடா அலையும் வட அட்லாண்டிக் அலையும் ஒன்றல்ல என்பது சரி. ஆழ்கடலிலிருந்து தடையின்றி வந்து பாறையில் உடையும் நீர்ச்சுவரின் வேகம் பவளத் திட்டுகளுக்குப் பின்னால் இராது. இருந்தாலும், இரும்பு என்ற பொருளின் மேல் தீர்ப்பு எழுத இந்த ஒரு வீழ்ச்சி போதாது. கல்லின் பக்கமும் பார்க்கலாம். கல்லும் மரமுமாய் இங்கிலாந்தின் எடிஸ்டன் பாறையில் ஹென்றி வின்ஸ்டன்லி கட்டிய விளக்கத்தை 1703 புயல் அவரோடு சேர்த்து விழுங்கியது. பொருள் அல்ல, அந்த இடத்தின் கடலைப் பற்றி ஒருவர் எவ்வளவு அறிந்து கட்டினார் என்பதே கணக்கு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கடல் நடுவே இருக்கும் எல்லாக் காவலர்களும் கட்டடம் ஆடுகிறது என்றுதான் சொல்வார்கள். கல்கோபுரங்களும் பெரிய அலைக்கு அதிரும். ஆகவே காவலரின் அச்சத்தைப் பொறியாளர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதையும் கட்ட முடியாது. இதில் உண்மை உண்டு. ஆனால் மைனட்டில் நடந்தது ஒருவரின் அச்சம் அல்ல. பயந்து விலகிய முதல்வரை அலட்சியம் செய்த இரண்டாமவர், அதே வீட்டில் சில வாரம் இருந்த பின் அதே முடிவுக்கு வந்தார். சுபாவம் வேறுபட்ட இருவர் தனித்தனியே ஒன்றைச் சொன்னால் அது அச்சமாக இருந்தது போய் அளவீடாக மாறிவிடுகிறது. அதைச் சோதிக்கப் போன குழு புயல் நாளில் போகவில்லை. போக முடியாவிட்டாலும், ஆட்டத்தை அளக்க ஒரு குண்டுநூலையாவது அங்கே தொங்கவிட்டு, அடுத்த புயலில் அது எவ்வளவு விலகியது என்று குறித்துவைக்கக் காவலரிடம் சொல்லியிருக்கலாம். கொத்தனார் எவரும் அறிந்த கருவி அது.

1852-ல் வந்த மாற்றத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். விளக்கம் விழுவதற்குச் சில வாரம் முன்பே பேரவை விளக்கங்களின் நிலையை ஆராய உத்தரவிட்டிருந்தது. 1852-ல் வந்த நீண்ட அறிக்கை பிளெசன்டனின் காலத்தை முடித்துவைத்தது. அந்த அக்டோபரில் கடற்படையினர், ராணுவப் பொறியாளர்கள், அறிவியலாளர்கள் அடங்கிய கலங்கரை விளக்க வாரியம் பொறுப்பேற்றது. கட்டுவதும் நடத்துவதும் பராமரிப்பதும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. புதிய கோபுரம் எழும் வரை மைனட் பாறையருகே ஒரு விளக்குக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. ராணுவப் பொறியாளர் ஜோசப் டாட்டன் அந்தக் கோபுரத்தை வரைந்தார். அதைக் கட்டும் பொறுப்பேற்ற பார்ட்டன் அலெக்சாண்டர் 1855-ல் பாறைக்கு வந்து சேர்ந்தார். அந்த முதல் ஆண்டு முழுவதிலும் பாறையின் மேல் வேலை செய்யக் கிடைத்த நேரம் 130 மணி. முறிந்து கிடந்த பழைய கட்டைகளைக் குழிகளிலிருந்து பிடுங்கி எடுத்து, எட்டுக் குழிகளில் புதிய இரும்புத் தண்டுகளை நிறுத்தினார்கள். ஆட்கள் பிடித்துக்கொள்ளவும் சாரம் கட்டவும் அவை உதவின. 1857 ஜனவரியில் ஒரு புயல் அடித்து ஓய்ந்தபோது அந்தத் தண்டுகள் அத்தனையும் காணவில்லை. இரும்பு இதையே தாங்காதென்றால் கல் மட்டும் எப்படித் தாங்கும் என்று அலெக்சாண்டர் மனமுடைந்து, கோபுரத்தையே கைவிட எண்ணினார். பிறகுதான் தெரியவந்தது: அந்தப் புயலில் பாறையோடு மோதிய ‘நியூ எம்பயர்’ என்ற கப்பல் தண்டுகளை உடைத்திருந்தது, கடல் மட்டும் அதைச் செய்யவில்லை. ஒரு வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று விசாரித்து அறிவது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கோபுரமே எழுந்திருக்காது.

1857 ஜூலை 9 அன்று முதல் கல் இறங்கியது. கோஹாசெட் கரையோரத் தீவு ஒன்றில் குவின்சி கருங்கல்லை வெட்டிச் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்படி கரையிலேயே கோத்துப் பார்த்து, பிறகு கடலுக்குக் கொண்டுபோனார்கள். நீருக்கடியில் சுண்ணக்கலவை கரைந்து போகாமலிருக்க, மெல்லிய துணியில் கலவையைப் பரப்பி அதைக் கல்லோடு சேர்த்து இறக்கினார்கள். மொத்தம் 1,079 கற்கள். கடைசிக் கல் 1860 ஜூன் 29-ல் அமர்ந்தது. நவம்பர் 15 முதல் விளக்கு முறையாக எரியத் தொடங்கியது. ஏறத்தாழ 3,00,000 டாலர், அதாவது பழைய விளக்கத்தின் செலவைப்போல் ஏழெட்டு மடங்கு. வேலையில் ஓர் உயிரும் போகவில்லை. 1894-ல் அதற்கு ஒன்று, நான்கு, மூன்று என்று விட்டுவிட்டு ஒளிரும் முறை வந்தது. கரையில் இருந்தவர்கள் அந்த எண்களை ‘ஐ லவ் யூ’ என்ற மூன்று சொற்களின் எழுத்துக் கணக்காகப் படித்து அதைக் காதலர் விளக்கு ஆக்கிக்கொண்டார்கள். வில்சனுக்கும் அன்ட்வானுக்கும் கோஹாசெட்டில் நினைவுக்கல் வைக்க 2000-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

ஸ்விஃப்ட்டின் ஆட்கள் குடைந்த ஒன்பது குழிகளுக்கு இப்போது வருவோம். புதிய கோபுரம் நிற்பது அவற்றின் மேல்தான். எட்டுக் குழிகளில் மீண்டும் நட்ட இரும்பைச் சுற்றி டாட்டனின் கற்கள் அடுக்கப்பட்டன. கல்லுக்கும் பாறைக்கும் இடையே இரும்பு ஓடுகிறது. ஒன்பதாவது, நடுக் குழி, பழைய விளக்கத்தின் மையத்தூண் நின்ற இடம். அந்த இரவில் முதலில் முறிந்தது அந்தத் தூண்தான் என்பது பலரும் ஏற்கும் கருத்து. அந்தக் குழியில் அலெக்சாண்டர் இரும்பு நடவில்லை. கோபுரத்தின் அடிப்பகுதி 40 அடி உயரத்துக்குக் கெட்டிக் கருங்கல். அந்தக் கெட்டிக்கு நடுவே அந்தக் குழிக்கு நேர் மேலாக ஒரே ஒரு வெற்றிடத்தை மட்டும் விட்டுக் கட்டினார்கள். காவலர்கள் குடிக்க நன்னீர் சேமித்துவைக்கும் கிணறு அது.